மலை ஏறும் மின்சார சைக்கிள்

சைக்கிளில் மோட்டார் வைத்தால் அது மொபெட் தானே, அதை எதுக்கு சைக்கிள்னு சொல்லணும்? மின்சார மலை சைக்கிளைப் பற்றி எழுதப் போகிறேன் என்றதும் எங்கள் வகுப்பில் எல்லாரும் இதைத்தான் கேட்டார்கள். நல்ல கேள்விதான். பதில் சொல்வதற்கு முன்னால் சாதாரண மலை சைக்கிள் எப்படி வந்தது என்று பார்ப்போம்.

அமெரிக்காவில் கலிபோர்னியா மாநிலத்தில் மரின் கவுண்டி என்ற மலைப்பகுதி இருக்கிறது. 1970-களில் அங்கே சில இளைஞர்கள் தடித்த டயர் போட்ட பழைய சைக்கிள்களில் மலையிலிருந்து மண் பாதை வழியாக இறங்கி விளையாடினார்கள். 1976 அக்டோபரில் பந்தயமே வைத்தார்கள். அந்தப் பாதைக்கு ரீபேக் என்று பெயர். அந்த சைக்கிள்களில் பெடலைப் பின்பக்கமாக மிதித்தால்தான் பிரேக் பிடிக்கும். கீழே வந்து சேருவதற்குள் பிரேக் சூடேறி, உள்ளே இருக்கிற கிரீஸ் எல்லாம் புகையாப் போயிடும். மறுபடி கிரீஸ் அடைக்கணும். ஆங்கிலத்தில் மறுபடி அடைப்பதுதான் ரீபேக். எப்படி இருக்கு பெயர்!

சரி, இறங்கினார்கள். மேலே எப்படிப் போனார்கள்? தள்ளிக்கொண்டு போனார்கள், இல்லாவிட்டால் சைக்கிளை வண்டியில் ஏற்றிக்கொண்டு போனார்கள். கனமான சைக்கிளில் ஒரே கியரை வைத்துக்கொண்டு மலை ஏற முடியுமா? நாம பாலத்து ஏத்தத்துலயே இறங்கித் தள்ளுறோம். அப்புறம் கேரி ஃபிஷர் போன்றவர்கள் பல கியர்களை மாட்டினார்கள். 1977-ல் ஜோ பிரீஸ் மலைக்கென்றே தனி ஃபிரேம் செய்தார். ஆக, ஆரம்பத்திலிருந்தே ஏற்றம்தான் பிரச்சினை. பிற்பாடு மோட்டார் வந்ததும் அதற்காகத்தான்.

இப்போ நம்ம கேள்விக்கு வருவோம். மொபெட்டில் கையால் ஆக்சிலரேட்டரைத் திருகினால் வண்டி போகும், கால் சும்மா இருக்கும். மின்சார மலை சைக்கிளில் பெரும்பாலும் திருகுவதற்கு எதுவும் கிடையாது. மிதித்தால்தான் மோட்டார் வேலை செய்யும். காலை நிறுத்தினால் அதுவும் நின்றுவிடும். பெடல் அச்சில் ஒரு சென்சார் இருக்கிறது. நீங்கள் எவ்வளவு அழுத்தி மிதிக்கிறீர்கள் என்று அது பார்த்துக்கொண்டே இருக்கும். லேசாக மிதித்தால் லேசாக உதவி, அழுத்தினால் அதிக உதவி. சரளைக்கல் பாதையில் இது ரொம்ப முக்கியம். திடீரென்று மோட்டார் இழுத்தால் பின் சக்கரம் ஒரே இடத்தில் சுற்றும், நாம கீழே விழ வேண்டியதுதான். ஐரோப்பிய நாடுகளில் மோட்டார் 250 வாட்தான் இருக்கலாம், வேகம் 25 கிலோமீட்டர் ஆனதும் உதவி நின்றுவிட வேண்டும் என்று விதி இருக்கிறது.

பெரும்பாலும் மோட்டார் பெடலுக்குப் பக்கத்தில்தான் இருக்கும். அப்போதுதான் அதன் சக்தியும் செயின், கியர் வழியாகப் போகும். அதனால் ஏற்றத்தில் நாம சின்ன கியர் போட்டால் மோட்டாருக்கும் சுலபம்.

எவ்வளவு உதவும் என்று கணக்குப் போட்டுப் பார்த்தேன். நம் அறிவியல் பாடத்தில் உள்ள நிறை × முடுக்கம் × உயரம்தான், பயப்படாதீர்கள். ரீபேக் பாதையின் உயரம் சுமார் 400 மீட்டர். ஆள் 50 கிலோ, சாதாரண சைக்கிள் 15 கிலோ, மொத்தம் 65. மேலே போக 65 × 10 × 400 = 2,60,000 ஜூல் வேண்டும். ஒருவர் விடாமல் 100 வாட் சக்தியில் மிதித்தால் 2,600 வினாடி, அதாவது 43 நிமிடம். மின்சார சைக்கிள் 25 கிலோ வரை இருக்கும், அதனால் 3,00,000 ஜூல். ஆனால் மோட்டார் 200 வாட் சேர்த்துக் கொடுத்தால் 1,000 வினாடிதான். 17 நிமிடத்தில் மேலே! (உராய்வைக் கணக்கில் சேர்க்கவில்லை. நிஜத்தில் இரண்டுக்கும் இன்னும் நேரம் ஆகும்.)

இதை ஏமாற்று வேலை என்று சொல்கிறவர்களும் உண்டு. சாதாரண சைக்கிள் பந்தயத்தில் ஒளித்து வைத்து ஓட்டினால்தான் ஏமாற்று. மின்சார மலை சைக்கிளுக்கே தனியாக 2019-ல் கனடாவில் உலகப் போட்டி நடந்தது. பெண்கள் பிரிவில் சுவிட்சர்லாந்தின் நதாலி ஷ்னைட்டர் ஜெயித்தார். என்னைக் கேட்டால், மூச்சு வாங்குகிறவரும் வயசானவரும் கூட்டத்தோடு சேர்ந்தே மேலே போக முடிகிறதே, அதுதான் இதில் பெரிய விஷயம். எப்பவும் கடைசியா வர்றவங்களுக்குத்தான் அது புரியும்.

கஷ்டமும் இருக்கு. பாதி மலையில் சார்ஜ் தீர்ந்தால் 25 கிலோவையும் நம் காலே இழுக்க வேண்டும். பேட்டரிக்குள் அரை யூனிட்டிலிருந்து முக்கால் யூனிட் மின்சாரம்தான் இருக்கும். இறக்கத்தில் எடை அதிகம் என்பதால் பிரேக்கை முன்கூட்டியே பிடிக்கணும்.

மலைப்பாதையில் நடப்பவர்களுக்கும் சைக்கிள்காரர்களுக்கும் நடுவே பழைய சண்டை ஒன்று உண்டு. முன்பெல்லாம் இறங்கி வருகிற சைக்கிளுக்குத்தான் பயப்படுவார்கள். ஏறுகிற சைக்கிள் ஆமை மாதிரி வரும். இப்போது ஏறுவதும் வேகமாக வருகிறது, மோட்டார் சத்தமும் அதிகம் கேட்காது. அதனால் வளைவு வந்தால் மேலே ஏறும்போதும் மணி அடிக்கணும்.