பணம் போய்ச் சேர்ந்தது, பிள்ளை போகவில்லை

2020 மார்ச் 18. கனடாவுக்குப் படிக்கப் போகக் காத்திருந்த மாணவர்களை இரண்டாகப் பிரித்த தேதி இது. கொரோனாவுக்காக எல்லையை மூடிய கனடா அரசு, மாணவர்களுக்கும் ஒரு விலக்கு கொடுத்தது. அன்றைக்கோ அதற்கு முன்போ ஸ்டடி பெர்மிட் வாங்கியவர்களும், பெர்மிட்டுக்கு ஒப்புதல் பெற்றவர்களும் வரலாம். மறுநாள் ஒப்புதல் வந்தவர் வர முடியாது. ஒரே கல்லூரியில் ஒரே படிப்புக்கு ஒரே வாரத்தில் விண்ணப்பித்த இரண்டு பேரில், ஒருவருடைய ஃபைலை அதிகாரி முதலில் எடுத்திருப்பார், மற்றவருடையதை இரண்டு நாள் கழித்து எடுத்திருப்பார். படிப்பிலோ பணத்திலோ தகுதியிலோ இருவருக்கும் இடையே எந்த வித்தியாசமும் கிடையாது.

விலக்குக்குள் வந்தவர்களையும் நிம்மதியாக விடவில்லை. பயணம் தவிர்க்க முடியாதது என்று காட்ட வேண்டும் என்றொரு நிபந்தனை இருந்தது. வகுப்பு முழுக்க ஆன்லைனில் நடக்கிறதென்றால், வீட்டிலிருந்தே படிக்கலாமே, ஏன் வருகிறாய் என்று விமான நிலையத்திலேயே கேட்கலாம். வகுப்பை ஆன்லைனுக்கு மாற்றியது கல்லூரி. அதற்கு விமான நிலையத்தில் நின்று பதில் சொல்ல வேண்டியவர் மாணவர்.

இந்த மாணவர்கள் கனடாவுக்கு யார் என்பதைப் பார்த்தால்தான் அடுத்து நடந்தவை புரியும். 2019 இறுதியில் அங்கே ஸ்டடி பெர்மிட் வைத்திருந்த வெளிநாட்டு மாணவர்கள் ஏறத்தாழ 6 லட்சத்து 40 ஆயிரம் பேர். அவர்களில் இந்தியர்களே அதிகம். வெளிநாட்டு மாணவர்களால் 2018ஆம் ஆண்டில் மட்டும் 2,100 கோடி டாலருக்கு மேல் வருமானம் என்று கனடா அரசே கணக்குச் சொன்னது. உள்ளூர் மாணவர் கட்டுவதைப் போலப் பல மடங்கு கட்டணத்தை இவர்கள் கட்டுகிறார்கள். ஒன்டாரியோவின் பல கல்லூரிகள் அந்தப் பணத்தில்தான் நடந்தன. அதனால் எல்லையை மூடலாம், அட்மிஷனை மூட முடியாது என்ற நிலை.

விண்ணப்ப முறையிலும் பணம்தான் முதலில் போகும். இந்தியாவிலிருந்து பெரும்பாலோர் போன விரைவு வழியில், ஆஃபர் லெட்டர் வந்ததும் முதல் வருடக் கட்டணத்தைக் கட்ட வேண்டியிருந்தது. அதோடு ஜிஐசி என்ற பெயரில் 10,000 கனடா டாலரை அங்குள்ள வங்கியில் போட்டு வைக்க வேண்டியிருந்தது. அன்றைய மதிப்பில் ஏறத்தாழ ஐந்தரை லட்சம் ரூபாய். அதன் பிறகுதான் மெடிக்கல், கைரேகை, போட்டோ. இத்தனையும் முடிந்தால் 20 நாளில் முடிவு சொல்ல முயல்வோம் என்பது அந்த வழியின் வாக்காக இருந்தது. கைரேகை எடுக்கும் விஎஃப்எஸ் மையங்கள் 2020 மார்ச்சில் மூடப்பட்டன. கைரேகை இல்லாமல் ஃபைல் நகராது. பணம் டொரன்டோவில், பிள்ளை திருச்சியில், ஃபைல் நடுவழியில்.

அந்த ஜூலையில் குடிவரவு அமைச்சர் மார்கோ மென்டிசினோ ஓர் ஏற்பாட்டை அறிவித்தார். விண்ணப்பத்தை இரண்டு கட்டமாகப் பார்ப்பார்கள். பணம், ஆஃபர் லெட்டர் போன்றவை சரியாக இருந்தால் முதல் கட்ட ஒப்புதல். அதை வைத்துக்கொண்டு வீட்டிலிருந்தே வகுப்பைத் தொடங்கலாம், அந்தக் காலமும் படிப்புக் கணக்கில் சேரும். கைரேகை, மெடிக்கல், போலீஸ் சான்றிதழ் எல்லாம் இரண்டாம் கட்டம். ஒரு செமஸ்டரை மொத்தமாக இழப்பதிலிருந்து பலரை இது காப்பாற்றியது, மறுக்கவில்லை. ஆனால் முதல் கட்டம் தாண்டியவருக்கு இரண்டாம் கட்டம் உறுதி என்று யாரும் எழுதிக் கொடுக்கவில்லை. கட்டணம் கட்டி, எட்டு மாதம் படித்து, தேர்வும் எழுதிவிட்டு, கடைசியில் பெர்மிட் மறுக்கப்படலாம். அந்த ஆபத்தில் கல்லூரிக்கும் பங்கில்லை, அரசுக்கும் பங்கில்லை. என் கோபம் இந்த இடத்தில்தான். பெருந்தொற்றை யாரும் வரவழைக்கவில்லை. ஆனால் அது கொண்டுவந்த நட்டத்தை யார் தலையில் இறக்குவது என்பதை மனிதர்கள்தான் தீர்மானித்தார்கள். மூன்று தரப்பில் பலம் குறைந்த தரப்பின் தலையில் இறக்கினார்கள்.

எனக்குத் தெரிந்த திருச்சிக் குடும்பம் ஒன்றில், மகள் 2021 ஜனவரியில் ஒன்டாரியோ கல்லூரி ஒன்றில் சேர்ந்தாள். அங்கே பிற்பகல் இரண்டு மணி வகுப்பு என்றால் இங்கே நள்ளிரவு பன்னிரண்டரை. முடியும்போது மூன்றரை. தம்பி ஹாலில் தூங்குவான், ஆகவே அவள் சமையலறை மேடையில் லேப்டாப்பை வைத்துக்கொண்டு, மைக்கை மியூட்டில் போட்டு உட்காருவாள். கரண்ட் போனால் லேப்டாப் பேட்டரியில் ஓடும், வைஃபை நின்றுவிடும். போன் டேட்டாவில் மாறுவதற்குள் ஆசிரியர் இரண்டு ஸ்லைடு தாண்டியிருப்பார். ஆன்லைன் தேர்வுக்கு முன் கேமராவைச் சுற்றிக் காட்ட வேண்டும். அஞ்சறைப் பெட்டி, குக்கர், சுவரில் மாட்டிய முருகன் காலண்டர் எல்லாம் அந்தக் கல்லூரியின் பதிவில் இருக்கும். லேப் வகுப்பு என்பது யாரோ செய்வதை வீடியோவில் பார்ப்பது. ஒருநாள் அப்பா கேட்டார்: “ஏம்மா, நம்ம வீட்டுல உட்கார்ந்து படிக்கத்தானா இவ்வளவு லோன் வாங்குனோம்?” அவள் பதில் சொல்லவில்லை. கல்விக் கடனில் தவணை தொடங்கப் படிப்பு முடியும்வரை அவகாசம் உண்டு. வட்டிக்கு அந்த அவகாசம் கிடையாது, அது முதல் நாளிலிருந்தே ஏறும். ஏழரை லட்சத்துக்கு மேல் கடன் என்றால் பெரும்பாலும் வீட்டுப் பத்திரமோ நிலப் பத்திரமோ பேங்கில் இருக்கும்.

அவள் சேரும் முன்பே, 2020 அக்டோபர் 20 முதல் கதவு கொஞ்சம் திறந்திருந்தது. கொரோனாவைச் சமாளிக்கத் திட்டம் வைத்து, மாகாண அரசின் ஒப்புதலும் பெற்ற கல்லூரிகளின் மாணவர்கள் வரலாம் என்றார்கள். 14 நாள் தனிமை. 2021 பிப்ரவரி 22 முதல், அதில் மூன்று இரவு அரசு சொல்லும் ஓட்டலில், சொந்தச் செலவில்.

பிறகு ஏப்ரல் வந்தது. இந்தியாவில் ஒரே நாளில் மூன்று லட்சத்துக்கு மேல் தொற்று பதிவான 2021 ஏப்ரல் 22 அன்று, இந்தியாவிலிருந்து வரும் நேரடி விமானங்களைக் கனடா நிறுத்தியது. 30 நாள் என்றார்கள். மாதா மாதம் நீட்டித்து, செப்டம்பர் 27 அன்றுதான் விட்டார்கள். தடை விமானத்துக்குத்தான், ஆளுக்கு அல்ல. வேறு நாடு வழியாக வரலாம், ஆனால் கொரோனா டெஸ்டை அந்த மூன்றாம் நாட்டில் எடுத்திருக்க வேண்டும். இந்தியாவில் எடுத்த டெஸ்ட் செல்லாது. உலகப் படத்தை விரித்துவைத்து வழி தேடினார்கள் பிள்ளைகள். செர்பியாவுக்கு இந்தியர்களுக்கு அப்போது விசா வேண்டாம், ஆகவே பெல்கிரேட். கனடா விசா இருந்தால் மெக்சிகோவுக்குத் தனி விசா தேவையில்லை, ஆகவே மெக்சிகோ சிட்டி. கெய்ரோ, தோஹா, மாலே என்று இன்னும் சில. துபாய் முதலிலேயே அடைத்துக்கொண்டது. மே மாதம் மாலத்தீவும் மூடியது.

பதினெட்டு, இருபது வயதுப் பிள்ளைகள். பலருக்கு அதுதான் முதல் விமானப் பயணம். மொழி தெரியாத ஊரில் ஓட்டல் எடுத்து, டெஸ்ட் எடுக்கும் இடத்தைத் தேடி, ரிசல்ட் வரும்வரை காத்திருந்து, பிறகு அடுத்த விமானம். அங்கே பாசிட்டிவ் வந்துவிட்டால் குறைந்தது 14 நாள் அந்த ஊரிலேயே முடக்கம். உடம்புக்கு முடியாமல் கிடக்கும் பிள்ளைக்குக் கஞ்சி வைத்துக் கொடுக்க ஆள் கிடையாது. டிக்கெட் விலை பல மடங்கு ஏறியிருந்தது. சுகாதாரக் காரணத்தால் விமானத்தை நிறுத்தியது நியாயமென்றே வைத்துக்கொண்டாலும், மாணவர்களை இரண்டு விமானம், மூன்று விமான நிலையம், ஒரு அந்நிய நகரம் என்று அலையவிட்டது எந்தச் சுகாதாரத்துக்கு? தொற்று வாங்கும் வாய்ப்பைத்தான் அது கூட்டியது. தடை நீங்கிய பிறகும் டெல்லி விமான நிலையத்தில் இருக்கும் குறிப்பிட்ட ஒரு லேபில், புறப்படுவதற்கு முந்தைய 18 மணி நேரத்துக்குள் டெஸ்ட் எடுக்க வேண்டியிருந்தது. சென்னைப் பிள்ளைக்கு அது இன்னொரு பயணம்.

தடுப்பூசியிலும் ஒரு சிக்கல். கோவிஷீல்டைக் கனடா ஏற்றது. முகாமில் அன்றைக்கு இருந்தது என்று கோவாக்சின் போட்டுக்கொண்டவர்கள், அது ஏற்கப்படும்வரை, 2021 நவம்பர் 30 வரை, பதறிக்கொண்டிருந்தார்கள்.

விமானம் திரும்பியது. ஃபைல்கள் திரும்பவில்லை. 2022 தொடக்கத்தில், எல்லா வகையும் சேர்த்துக் கனடா குடிவரவுத் துறையில் தேங்கிய விண்ணப்பங்கள் ஏறத்தாழ 18 லட்சம். 20 நாள் என்ற வாக்கு பலருக்கு மாதக் கணக்கானது. செப்டம்பர் இன்டேக்கை ஜனவரிக்குத் தள்ளு, ஜனவரியை மே மாதத்துக்குத் தள்ளு என்று ஏஜென்ட் சொல்வார். காத்திருந்தவர்களுக்குக் கடைசியில் வந்த மறுப்புக் கடிதம் பெரும்பாலும் ஒரே அச்சு: படிப்பு முடிந்ததும் நீங்கள் கனடாவைவிட்டுப் போய்விடுவீர்கள் என்று அதிகாரிக்குத் திருப்தி ஏற்படவில்லை. உள்ளே விடாமல் ஒன்றரை வருடம் வைத்திருந்தவரிடம் சொல்லும் காரணம் இது. பிரெஞ்சு பேசும் ஆப்பிரிக்க நாட்டு மாணவர்களின் நிலை இதைவிட மோசம். அவர்கள் அளவுக்கு அதிகமாக நிராகரிக்கப்படுவதைக் கனடா நாடாளுமன்றக் குழுவே 2022இல் ஆராய்ந்தது.

அந்த ஆண்டு ஜனவரியில் கியூபெக் மாகாணத்தின் மூன்று தனியார் கல்லூரிகள் கடனைக் கட்ட முடியாமல் நீதிமன்றப் பாதுகாப்புக் கேட்டன. அவற்றில் கட்டணம் கட்டியிருந்த இந்திய மாணவர்கள் ஏராளம், இந்தியாவிலிருந்தே ஆன்லைனில் படித்தவர்களும் அதில் அடக்கம். ஒட்டாவாவிலுள்ள இந்தியத் தூதரகம் எச்சரிக்கை வெளியிட வேண்டிவந்தது.

கனடா செய்த நல்லதையும் சொல்ல வேண்டும். வெளிநாட்டிலிருந்து ஆன்லைனில் படித்த காலத்தையும் படிப்புக்குப் பிந்தைய வேலை அனுமதிக்குக் கணக்கில் எடுத்துக்கொண்டது. அந்தச் சலுகையை 2022 ஆகஸ்ட் வரை நீட்டித்தது. 2021 டிசம்பர்வரை மாணவர்களுக்குக் கதவைச் சாத்தி வைத்த ஆஸ்திரேலியாவோடும், மருத்துவ மாணவர்களை 2022 ஆகஸ்ட்வரை விசா இல்லாமல் நிறுத்திய சீனாவோடும் ஒப்பிட்டால் கனடாவைப் பரவாயில்லை என்பார்கள். ஆனால் கட்டணம் வாங்கிய நாடு, காத்திருப்பின் செலவில் ஒரு பங்கையாவது ஏற்றிருக்க வேண்டும்.

இப்போது விதிகள் இன்னும் இறுகிவிட்டன. 2024 ஜனவரி முதல் வாழ்க்கைச் செலவுக்கெனக் காட்ட வேண்டிய பணம் 20,635 டாலராக உயர்ந்தது. பெர்மிட்டுகளுக்கு உச்சவரம்பு வந்தது. அந்த விரைவு வழி 2024 நவம்பரில் மூடப்பட்டது. பணம் முதலில், பதில் பிறகு என்ற வரிசை மட்டும் மாறவில்லை. பிள்ளையை அனுப்ப நினைக்கும் பெற்றோர், பெர்மிட் மறுக்கப்பட்டாலோ தாமதமானாலோ கட்டணத்தில் எவ்வளவு பிடிப்பார்கள், மீதி எத்தனை நாளில் வரும் என்பதைக் கல்லூரியிடமிருந்தே எழுத்தில் வாங்குங்கள். ஏஜென்ட் வாய்வார்த்தை போதாது. அந்தக் கடிதம் வந்த பிறகு பேங்குக்குப் போங்கள்.