தொடை இடுக்கில் நோகிறதா? இடுப்பு மூட்டைக் கவனியுங்கள்

"நாரிப்பிடிப்பு", "இந்தக் குளிர் ஒத்துக்கொள்ளேல்லை" என்று சொல்லி, வலிமாத்திரையைப் போட்டுக்கொண்டு மாதக்கணக்கில் நொண்டி நடப்பவர்கள் எங்கள் ஆட்களில் இருக்கிறார்கள். பல வேளைகளில் அது சாதாரண பிடிப்புத்தான். ஆனால் நோவு தொடை இடுக்கில் இருந்து, காலூன்றும்போது கூடினால் வைத்தியரிடம் காட்டுங்கள்.

என்ன நடக்கிறது?
தொடை எலும்பின் மேல்முனை பந்து போன்றது. அது இடுப்பெலும்பின் குழிக்குள் சுழல்கிறது. இந்தப் பந்துக்குப் போகும் இரத்தம் குறைந்தால் எலும்பு கொஞ்சம் கொஞ்சமாகச் செத்துப்போகும். பிறகு பாரம் தாங்காமல் பந்து நொறுங்கி, மூட்டும் பழுதாகும்.

யாருக்கு வரலாம்?
- அடிபட்டு இடுப்பு மூட்டு முறிந்தவர்கள், விலகியவர்கள். மாதங்கள், வருடங்கள் கழித்தும் வரலாம்.
- ஸ்டீரொயிட் மருந்தைக் கூடிய அளவில் நீண்டகாலம் எடுத்தவர்கள். (வைத்தியரைக் கேட்காமல் அதைத் திடீரென நிறுத்தவேண்டாம்.)
- அதிகம் குடிப்பவர்கள்.
சிலருக்குக் காரணமே தெரிவதில்லை.

அறிகுறிகள்
நோவு பின்பக்கத்திலோ முழங்காலிலோ தெரியலாம். சம்மணம் கட்டி இருக்க, சொக்ஸ் போடக் கஷ்டமாக இருக்கும். போகப்போக, படுத்திருந்தாலும் நோகும்.

சிகிச்சை
ஆரம்பத்தில் எக்ஸ்ரேயில் ஒன்றும் தெரியாமல் போகலாம், எம்.ஆர்.ஐ. ஸ்கானில் தெரியும். ஆகவே "எக்ஸ்ரே நல்லாயிருக்கு" என்று சொன்ன பிறகும் நோவு மாறாவிட்டால் திரும்பப் போய்ச் சொல்லுங்கள். பந்து நொறுங்க முன்னர் கண்டுபிடித்தால், எலும்பில் துளையிட்டு உள்ளே உள்ள அழுத்தத்தைக் குறைக்கும் சத்திரசிகிச்சை சிலருக்கு உதவும். ஊன்றுகோலும் வலிமருந்தும் நோவைக் குறைக்கும். நொறுங்கிய பின்னர் பெரும்பாலும் செயற்கை மூட்டுத்தான் வழி.

காசு கேட்பார்களோ?
பிரித்தானியாவில் உங்கள் அகதி விண்ணப்பம் பரிசீலனையில் இருக்கும்வரை குடும்ப வைத்தியரும் ஆஸ்பத்திரியும் இலவசம். வைத்தியரிடம் பதிய விசாவோ விலாச அத்தாட்சியோ கட்டாயமில்லை. இங்கிலாந்தில் மருந்துக்கும் காசு கட்டாமலிருக்க எச்.சி.2 சான்றிதழைக் காட்டுங்கள். நேரம் பதியும்போதே "தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேண்டும்" என்று கேளுங்கள், அதுவும் இலவசம். பிள்ளைகளைக் கொண்டு மொழிபெயர்க்கவேண்டாம்.

கடைசியாக ஒன்று
தடுப்புக்காவலிலோ முகாமிலோ அடித்ததால் வந்த காயம் என்றால் வெட்கப்படாமல், பயப்படாமல் வைத்தியரிடம் அப்படியே சொல்லுங்கள். வைத்தியம் சரியாக நடக்க அது தேவை. உங்கள் சொலிசிட்டரிடமும் சொல்லுங்கள். வைத்தியரின் குறிப்பு வழக்குக்கும் உதவலாம்.