டன் கணக்கு மட்டும் போதாது

நான்கு சுவருக்குள் எல்இடி விளக்கு வெளிச்சத்தில் லெட்யூஸ் கீரை வளர்க்கும் பண்ணைக்கு ஏசி வாங்கப் போனால், "எத்தனை சதுர அடி?" என்றுதான் கடையில் முதலில் கேட்பார்கள். படுக்கையறைக்கு அந்தக் கேள்வி சரி. செடி வளரும் கூடத்துக்குக் கேட்க வேண்டியது, விளக்குகள் எத்தனை கிலோவாட் என்பது.

விளக்கு இழுக்கும் மின்சாரத்தில் ஒளிச்சேர்க்கைக்குப் போவது சொற்பம். மற்றதெல்லாம் வெப்பமாகக் கூடத்துக்குள்ளேயே தங்கிவிடுகிறது. ஒரு டன் ஏசி சுமார் 3.5 கிலோவாட் வெப்பத்தை வெளியேற்றும். 30 கிலோவாட் விளக்குகளுக்கே எட்டரை டன் வேண்டும். மின்விசிறி, பம்ப் எல்லாம் சேர்த்தால் 10 டன் என்று வைத்துக்கொள்ளலாம்.

பலர் இத்துடன் கணக்கை முடித்துவிடுகிறார்கள். ஆனால் செடி உறிஞ்சும் தண்ணீரில் 90 சதவீதத்துக்கு மேல் இலைத்துளை வழியே ஆவியாகிவிடும். ஒரு லிட்டர் ஆவியாக ஏறக்குறைய 0.68 யூனிட் (கிலோவாட்-மணி) வெப்பம் செலவாகிறது. விளக்கின் வெப்பத்தில் பாதி இதற்குப் போனாலே மணிக்கு 22 லிட்டர் தண்ணீர் காற்றில் கலக்கும். அவ்வளவையும் ஏசியின் காயிலில் குளிரவைத்துத் திரும்பத் தண்ணீராக்கி வடித்தாக வேண்டும். வீட்டு ஏசியின் திறனில் பெரும்பகுதி காற்றைக் குளிர்விப்பதற்கே சரியாகிவிடும்.

விளக்கு அணைந்த பிறகுதான் சிக்கல் முற்றும். வெப்பம் குறைந்ததும் தெர்மோஸ்டாட் கம்ப்ரசரை நிறுத்திவிடும். செடியோ ஆவி விடுவதை அடியோடு நிறுத்தாது. விடிவதற்குள் இலைகளில் நீர் முத்து முத்தாகப் பூத்திருக்கும். சாம்பல் பூஞ்சை முளைக்க அதுவே போதும். விளக்கு எரியும்போதும் ஈரக்காற்று அசையாமல் தேங்கினால், நீரோடு செல்லும் கால்சியம் குருத்துக்குச் சரியாகப் போய்ச் சேராது. கீரையை விரித்துப் பார்த்தால் உள்ளிலைகளின் ஓரம் பழுப்பாகக் கருகியிருக்கும். அப்படிப்பட்ட கீரையை யாரும் வாங்கமாட்டார்கள்.

ஆகவே ஈரப்பத உணரியோடு தனியாக ஓர் ஈரநீக்கி வேண்டும். அல்லது, காற்றைக் குளிர்வித்து நீரைப் பிரித்தபின் தன் கழிவு வெப்பத்தாலேயே அந்தக் காற்றை மறுபடி சூடாக்கித் தரும் ஏசி வேண்டும். நவீன ஏசியின் முன்னோடியான, 1902-இல் அமெரிக்கப் பொறியாளர் வில்லிஸ் கேரியர் புரூக்ளின் அச்சகம் ஒன்றுக்கு வடிவமைத்த இயந்திரமும் ஈரத்தால் காகிதம் விரிந்து சுருங்குவதைத் தடுக்கத்தான் பிறந்தது.

அடுத்தது நம்பகம். அட்டவணையில் போடும் டன், பொதுவாக வெளிவெப்பம் 35 டிகிரியில் அளந்தது. மே மாதச் சென்னை 40-ஐத் தாண்டும்போது திறன் குறையும். 46 டிகிரியில் எவ்வளவு என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள். 10 டன் தேவைக்கு ஒரே பெரிய இயந்திரத்தை நம்பாமல் 5 டன்னில் மூன்று வாங்குவதே என் பரிந்துரை. செலவு கூடும்தான், ஆனால் ஒன்று பழுதானாலும் மற்ற இரண்டும் தாங்கும்.

மூன்றும் நின்றால்? 100 சதுர மீட்டர் பரப்பும் 3 மீட்டர் உயரமும் உள்ள கூடத்துக் காற்றை மட்டும் எடுத்துக்கொண்டால், 30 கிலோவாட் அதை 12 விநாடிக்கு ஒரு டிகிரி சூடேற்றும். சுவரும் செடியும் கொஞ்சம் வாங்கிக்கொண்டாலும் ஆள் ஓடி வருவதற்குள் பயிர் வாடிவிடும். வெப்பம் எல்லை மீறினால் விளக்குகள் தாமாகவே அணையும்படி இணைப்பு கொடுத்த பிறகே முதல் நாற்றை நடுங்கள்.