கோழிச் சீக்கா, பறவைக் காய்ச்சலா? மறைக்காமல் சொன்னால் ஊரே பிழைக்கும்



நம் குழுக்களில் கறவை மாட்டுக்குக் கடன் கேட்பார்கள், ஆட்டுக்குக் கடன் கேட்பார்கள். கோழிக்கென்று கடன் கேட்பவர்கள் குறைவு. ஆனால் கோழி இல்லாத வீடு எத்தனை? கல்வராயன் மலையில் சாமையும் மரவள்ளியும் போடுகிற வீட்டிலும் சரி, சின்னசேலம், தியாகதுருகம், சங்கராபுரம் பக்கம் நெல்லும் கரும்பும் வைக்கிற வீட்டிலும் சரி, நாலு பெட்டையும் ஒரு சேவலும் வாசலில் மேயும். விருந்தாளி வந்தால் குழம்பு, சாமிக்கு நேர்ந்தால் சேவல், பிள்ளைக்கு நோட்டு வாங்கவும் குழுவில் சந்தா கட்டவும் முட்டைக் காசு. யாரிடமும் கை நீட்டாமல் நாம் எடுத்துச் செலவு செய்கிற காசு இதுதான்.

இந்தக் கோழிக்குச் சீக்கு வந்தால் நாம் என்ன செய்கிறோம்? மூன்று காரியம் செய்கிறோம். "தூங்கி விழுது, செத்துப் போறதுக்குள்ள வித்துடலாம்" என்று சந்தைக்குத் தூக்கிப் போகிறோம். விலை போகாது என்று தெரிந்தால் அறுத்துக் குழம்பு வைத்து விடுகிறோம். செத்ததை ஏரிக்கரையிலோ ஓடையிலோ குப்பைமேட்டிலோ வீசி விடுகிறோம். இந்த மூன்றும்தான் பறவைக் காய்ச்சல் என்கிற நோய் ஊர் விட்டு ஊர் போவதற்கான வழி. அதனால்தான் இந்த இதழில் இதைப் பற்றிப் பேசுகிறோம்.

பறவைக் காய்ச்சல் என்றால் என்ன?

இது ஒரு வைரஸ் கிருமியால் வருகிற நோய். கோழி, வாத்து, வான்கோழி, காடை, கினிக்கோழி எல்லாவற்றுக்கும் வரும். காக்கை, கொக்கு, நாரை, மயில், காட்டுக்கோழிக்கும் வரும். இதில் பல வகை உண்டு. நம் நாட்டில் அதிகம் கேள்விப்படுவது எச்5என்1 என்ற கடுமையான வகை.

1996ல் சீனாவில் வாத்து இனத்தில் இந்த வகை முதலில் கண்டுபிடிக்கப்பட்டது. 1997ல் ஹாங்காங்கில் 18 பேருக்குத் தொற்றி 6 பேர் இறந்தார்கள். இந்தியாவுக்குள் 2006 பிப்ரவரியில் மகாராஷ்டிரா மாநிலம் நந்துர்பார் மாவட்டத்தில் உள்ள நவாப்பூரில் முதலில் வந்தது. நோய் வந்தது அங்கே, ஆனால் விலை சரிந்தது நாமக்கல்லில். பயத்தில் மக்கள் கறியும் முட்டையும் வாங்குவதை விட்டதால், நோயே இல்லாத பண்ணைக்காரர்களும் நஷ்டப்பட்டார்கள்.

2008 ஜனவரியில் மேற்கு வங்காளத்தில் வந்ததுதான் நமக்குப் பெரிய பாடம். அங்கே பாதிக்கப்பட்டதில் பெரும்பங்கு பெரிய பண்ணைகள் இல்லை, நம்மைப் போல வீட்டுவாசலில் கோழி, வாத்து வளர்த்த கிராமத்துக் குடும்பங்கள். இழப்பீடு வருமோ வராதோ என்று பலர் கோழிகளை ஒளித்து வைத்தார்கள். நோய் மாவட்டம் மாவட்டமாகப் பரவியது. கடைசியில் சுமார் 40 லட்சம் பறவைகளைக் கொல்ல வேண்டியதாயிற்று.

நமக்கு இது தூரத்துச் செய்தி இல்லை. கேரளாவில் ஆலப்புழை, கோட்டயம் பகுதியில் 2014லும் அதற்குப் பிறகு பல முறையும் வாத்துகளுக்கு வந்தது. ஆந்திராவில் நெல்லூர் மாவட்டத்தில் 2024லும், கிழக்கு, மேற்கு கோதாவரி மாவட்டங்களில் 2025லும் வந்தது. இரண்டு பக்கத்திலிருந்தும் நம் ஊர்ச் சாலைகளில் லாரி வருகிறது. முட்டை அட்டை, கோழிக் கூண்டு, குஞ்சு, தீவனச் சாக்கு எல்லாம் வருகிறது.

எப்படிப் பரவுகிறது?

நோய் கண்ட பறவையின் எச்சத்திலும், மூக்கு நீர், எச்சிலிலும் கிருமி இருக்கும். அந்த எச்சம் பட்ட தண்ணீரைக் குடித்தாலோ, தீவனத்தைக் கொத்தினாலோ இன்னொரு பறவைக்கு வந்துவிடும். கோழியே போக வேண்டும் என்பதில்லை. செருப்பு, வண்டிச் சக்கரம், கூடை, கத்தி, சாக்கு எதில் எச்சம் ஒட்டினாலும் கிருமி கூடவே போகும்.

எச்சத்தில் இந்தக் கிருமி 37 டிகிரி வெப்பத்தில் ஆறு நாள் வரை உயிரோடு இருக்கும். 4 டிகிரி குளிரில் ஒரு மாதத்துக்கும் மேல் இருக்கும். நம் மலையில் அவ்வளவு குளிர் இல்லை. ஆனாலும் மார்கழி, தை மாதத்தில் வெள்ளிமலைப் பக்கம் உள்ள நிழலும் ஈரமும் கீழ்நாட்டு வெயிலை விடக் கிருமிக்குச் சாதகம். ஆகவே மலைச் சகோதரிகள் கூடைகளையும் கூட்டையும் வெயிலில் காய வைப்பதை விட்டுவிடக் கூடாது.

வலசை வருகிற பறவைகளுக்கும் இதில் பங்கு உண்டு. ஐப்பசியிலிருந்து பங்குனி வரை வடக்கே குளிர்தேசங்களிலிருந்து நீர்ப்பறவைகள் நம் நாட்டு ஏரி குளங்களுக்கு வரும். 2021 ஜனவரியில் இமாச்சலப் பிரதேசத்தின் பாங் அணையில் வரித்தலை வாத்துகள் ஆயிரக்கணக்கில் செத்தன. அதே சமயத்தில் ராஜஸ்தானிலும் மத்தியப் பிரதேசத்திலும் காக்கைகள் செத்து விழுந்தன. நம் பக்கம் கோமுகி அணை, மணிமுக்தா அணை, ஊர் ஏரிகள் எல்லாம் பறவை இறங்குகிற இடங்கள். அறுவடை முடிந்த வயலில் மேய்ச்சல் வாத்துக் கூட்டமும் வந்து தங்கும். சில வகை வாத்துகள் நோய்க் குறி எதுவும் காட்டாமலே கிருமியைச் சுமந்து திரியும்.

அதற்காகப் பறவைகள் மேல் கோபப்பட்டுக் கல்லெறிவதும் வேட்டையாடுவதும் தப்பு. விரட்டினால் அவை கலைந்து வேறு ஏரிக்குப் போகும், நோயும் கூடவே போகும். அது மட்டுமில்லை, நாமும் அவற்றுக்குக் கொடுக்கிறோம். செத்த கோழியை ஓடையில் வீசினால் காக்கை கொத்தும், நாய் இழுக்கும், நரி தின்னும். மலையில் வீசினால் காட்டுக்கோழிக்கும் மயிலுக்கும் போகும். நம்மிடமிருந்து காட்டுக்கு, காட்டிலிருந்து திரும்ப நமக்கு என்று சுற்றிக்கொண்டே இருக்கும்.

வெள்ளைக்கழிச்சலுக்கும் இதற்கும் என்ன வித்தியாசம்?

"கோழி சாவுறது புதுசா? வருஷா வருஷம் சாவுதே" என்று கேட்பீர்கள். உண்மைதான். நம் ஊரில் கோழிகளைக் கூட்டமாகக் கொல்வது பெரும்பாலும் வெள்ளைக்கழிச்சல் எனப்படும் ராணிக்கெட் நோய். பச்சையும் வெள்ளையுமாகக் கழியும், கழுத்து திருகும், கால் இழுத்துக்கொள்ளும்.

பறவைக் காய்ச்சலில் பார்க்க வேண்டியவை:

* நேற்று நன்றாக மேய்ந்த கோழி இன்று காலையில் செத்துக் கிடப்பது. ஓரிரு நாளில் பல கோழிகள் சாவது.
* கொண்டையும் தாடியும் வீங்கி நீலம் அல்லது கருஞ்சிவப்பு ஆவது.
* தலை, கண்ணிமை வீங்குவது, மூக்கில் நீர் வடிவது, மூச்சுத் திணறுவது.
* கால் தண்டில் ரத்தம் கட்டியது போலச் சிவப்புப் புள்ளிகள்.
* முட்டை திடீரென்று நிற்பது, தோல்முட்டை இடுவது.

ஆனால் கண்ணால் பார்த்து இதுதான் என்று நாமும் சொல்ல முடியாது, கால்நடை மருத்துவரும் சொல்ல முடியாது. மாதிரி எடுத்து ஆய்வுக்கூடத்துக்கு அனுப்ப வேண்டும். போபாலில் உள்ள உயர்பாதுகாப்பு விலங்கு நோய் தேசிய நிறுவனம்தான் உறுதி செய்யும்.

இங்கே ஒரு விஷயத்தைக் கவனியுங்கள். வெள்ளைக்கழிச்சலுக்குத் தடுப்பூசி உண்டு. பறவைக் காய்ச்சலுக்கு நம் வீட்டுக் கோழிகளுக்குத் தடுப்பூசி போடுவதில்லை. ஆகவே முதல் நோய்க்கு ஊசி போட்டு வைத்திருந்தால் இரண்டு லாபம். வழக்கமான சாவு நிற்கும். அதையும் மீறிக் கோழிகள் கூட்டமாகச் செத்தால், இது வேறு ஏதோ என்று உடனே உஷாராகலாம். குஞ்சுக்கு முதல் வாரத்தில் கண்ணிலோ மூக்கிலோ சொட்டு மருந்து, எட்டு வாரத்துக்கு மேல் இறக்கையில் ஊசி. பிப்ரவரியில் கால்நடை பராமரிப்புத் துறை நடத்தும் இருவார முகாமில் இலவசமாகப் போடுகிறார்கள். மலைக் குக்கிராமங்களுக்கு முகாம் தேதி தெரியாமல் போவதுண்டு. கூட்டமைப்பு நிர்வாகிகள் முன்கூட்டியே கேட்டுச் சொல்ல வேண்டும்.

மனிதருக்கு வருமா?

வரும், ஆனால் அபூர்வமாக. 2003 முதல் உலகம் முழுக்க எச்5என்1 தொற்றியவர்கள் 900க்கும் மேல். அவர்களில் ஏறத்தாழ பாதிப் பேர் இறந்து விட்டார்கள். எண்ணிக்கை குறைவு, ஆனால் வந்தால் ஆபத்து அதிகம். இந்தியாவில் 2021ல் ஹரியானாவைச் சேர்ந்த 11 வயதுச் சிறுவன் இறந்தான். 2025ல் ஆந்திராவின் பல்நாடு மாவட்டத்தில் இரண்டு வயதுக் குழந்தை இறந்தது. பச்சைக் கோழிக்கறித் துண்டை அந்தக் குழந்தை தின்றதாகச் செய்திகள் வந்தன. நம் வீட்டிலும் கறி வெட்டும்போது பிள்ளைகள் பக்கத்தில்தான் உட்கார்ந்திருக்கும். தள்ளி உட்கார வையுங்கள்.

ஒருவரிடமிருந்து இன்னொருவருக்கு இந்தக் கிருமி எளிதாகப் பரவுவதில்லை. ஆனால் கிருமி மாறிக்கொண்டே இருக்கும். 2024ல் அமெரிக்காவில் கறவை மாடுகளுக்கே பரவியது. அதனால்தான் உலகமே இதைக் கண்காணிக்கிறது.

நன்றாக வெந்த கறியும் முட்டையும் பயமின்றிச் சாப்பிடலாம். 70 டிகிரியில் கிருமி செத்துவிடும். நம் குழம்பு கொதிப்பது அதற்கும் மேல். ஆபத்து சாப்பிடுவதை விட, சீக்குக் கோழியை அறுப்பதிலும் இறகு பிடுங்குவதிலும் குடல் எடுப்பதிலும்தான். இந்த வேலையை வீட்டில் யார் செய்கிறோம் என்பது நமக்கே தெரியும்.

நாம் செய்ய வேண்டியவை

1. கோழிக்குத் தீவனமும் தண்ணீரும் கொட்டாய்க்குள் வையுங்கள். வெட்டவெளியில் இறைத்தால் காக்கையும் கொக்கும் வந்து கலக்கும். ஏரித் தண்ணீரைக் கோழிக்கு வைக்காதீர்கள்.

2. கோழியையும் வாத்தையும் ஒன்றாக அடைக்காதீர்கள். வாத்துக் கூட்டம் வயலில் தங்கியிருக்கும் நாட்களில் கோழியை அந்தப் பக்கம் விடாதீர்கள்.

3. சந்தையில் வாங்கிய கோழியை உடனே மந்தையில் சேர்க்காதீர்கள். இரண்டு வாரம் தனிக் கூடையில் வைத்துப் பாருங்கள். விற்காமல் திரும்பி வந்த கோழிக்கும் இதே விதி.

4. கொட்டாய்க்கென்று தனிச் செருப்பு வைத்துக்கொள்ளுங்கள். வாசலில் சுண்ணாம்புத்தூள் தூவுங்கள். வேலை முடிந்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள். இந்தக் கிருமிக்குக் கொழுப்பாலான மேலுறை உண்டு. கொரோனாவுக்குச் சொன்னது போலவே, சோப்பு அந்த உறையைக் கரைத்துக் கிருமியைக் கொன்றுவிடும்.

5. கூட்டமாகக் கோழி செத்தால் வெறுங்கையால் தொடாதீர்கள். மூக்கையும் வாயையும் துணியால் கட்டி, கையில் பிளாஸ்டிக் பையை மாட்டி எடுத்து, இரண்டு பைக்குள் போட்டுக் கட்டி, நாய் எடுக்காத இடத்தில் வையுங்கள். கால்நடை மருத்துவர் பார்த்த பிறகு, அவர் சொல்கிறபடி ஆழக் குழி தோண்டி சுண்ணாம்பு போட்டுப் புதையுங்கள்.

6. உடனே அருகில் உள்ள கால்நடை மருந்தகத்துக்குச் சொல்லுங்கள், அல்லது 1962 எண்ணுக்குப் போன் செய்யுங்கள். காக்கையோ கொக்கோ கூட்டமாகச் செத்துக் கிடந்தாலும் சொல்லுங்கள்.

7. சீக்குக் கோழியைத் தொட்டவர்களுக்குப் பத்து நாளுக்குள் காய்ச்சல், இருமல், மூச்சுத் திணறல் வந்தால் அரசு மருத்துவமனைக்குப் போய், "கோழி செத்துச்சு, நான்தான் எடுத்துப் போட்டேன்" என்று மறக்காமல் சொல்லுங்கள். மாத்திரை உண்டு. சீக்கிரம் போட்டால்தான் பலன்.

"சொன்னா எல்லாத்தையும் கொன்னுடுவாங்களே?"

இந்தப் பயம் நியாயமானது. நோய் உறுதியானால் அந்த இடத்திலிருந்து ஒரு கிலோமீட்டர் வரை உள்ள வளர்ப்புப் பறவைகளைக் கொன்று புதைப்பார்கள். பத்து கிலோமீட்டர் வரை கண்காணிப்பார்கள். நன்றாக இருக்கிற பக்கத்து வீட்டுக் கோழியும் போகும். மனசு கேட்காதுதான்.

ஆனால் கணக்குப் போட்டுப் பாருங்கள். சொன்னால் ஒரு கிலோமீட்டரோடு போகும். மறைத்தால் சந்தை வழியாகப் பத்து ஊருக்குப் போகும், அங்கெல்லாம் தனித்தனியாக ஒரு கிலோமீட்டர். இன்னொன்று, கொல்லப்படும் பறவைக்கும் அழிக்கப்படும் முட்டை, தீவனத்துக்கும் அரசு இழப்பீடு உண்டு. மத்திய அரசும் மாநில அரசும் பாதிப் பாதி தருகின்றன. 2021ல் கேரள அரசு இரண்டு மாதத்துக்கு மேற்பட்ட பறவைக்கு 200 ரூபாயும், அதற்குக் குறைந்ததற்கு 100 ரூபாயும் அறிவித்தது. நாட்டுக்கோழி விலைக்கு இது குறைவுதான். ஆனால் இந்த இழப்பீடு கொல்லப்படும் பறவைக்குத்தான், தானாகச் செத்ததற்கு இல்லை. தாமதிக்கிற ஒவ்வொரு நாளும் செத்தவை கூடும், கணக்கில் வருபவை குறையும். முந்திச் சொல்பவருக்குத்தான் நஷ்டம் குறைவு.

குழு என்ன செய்யலாம்?

தனியாகச் சொல்லப் பயமாக இருக்கும். "இவளாலதான் ஊர்க்கோழி போச்சு" என்ற பேச்சு வரும். குழுவாகச் சொன்னால் அந்தப் பேச்சு ஒருத்தி தலையில் விழாது. எனவே ஊராட்சி அளவிலான கூட்டமைப்பில் இதைத் தீர்மானமாகப் போடுங்கள். யார் வீட்டில் இரண்டு நாளில் மூன்று கோழிக்கு மேல் செத்தாலும் குழுத் தலைவியிடம் சொல்வது, தலைவி மருந்தகத்துக்குச் சொல்வது என்று முடிவு செய்யுங்கள்.

ஒவ்வொரு மாதக் கூட்டத்திலும் சேமிப்பு, கடன் கணக்கோடு உறுப்பினர் வீட்டுக் கோழி, வாத்து எண்ணிக்கையையும் ஒரு பக்கத்தில் எழுதி வையுங்கள். இழப்பீடு என்று வரும்போது "என்கிட்ட இருபது இருந்துச்சு" என்று வாயால் சொல்வதற்கும், மாதாமாதம் கையெழுத்தோடு எழுதிய நோட்டைக் காட்டுவதற்கும் வித்தியாசம் உண்டு. கோழிக்கென்று கடன் கொடுத்த குழு, அப்படி நஷ்டமானவருக்குத் தவணையைத் தள்ளி வைப்பது பற்றியும் இப்போதே பேசி வையுங்கள்.

படிக்கத் தெரிந்த உறுப்பினர் அடுத்த கூட்டத்தில் இதை மற்றவர்களுக்குப் படித்துக் காட்டுங்கள். பிறகு ஒவ்வொருவரும் இந்த மூன்று கேள்விக்குப் பதில் சொல்லட்டும்: என் வீட்டுக் கோழிக்குக் கடைசியாக ஊசி எப்போது போட்டேன்? செத்த கோழியை எங்கே போடுகிறேன்? நம் ஊருக்கு எந்தக் கால்நடை மருந்தகம், அங்கே யாரிடம் சொல்ல வேண்டும்? மூன்றாவது கேள்விக்கான பதிலைத் தீர்மான நோட்டின் முதல் பக்கத்தில் எழுதி வையுங்கள்.