ஆலயம் எழுவதும் மூடப்படுவதும்

சிங்கப்பூரின் வடகிழக்கே உள்ள பொங்கோல் ஒரு காலத்தில் கம்பங்களும் பன்றிப் பண்ணைகளும் நிறைந்த ஊராக இருந்தது. இன்று அங்கே அடுக்குமாடி வீடுகள் உயர்ந்து நிற்கின்றன. அந்த வீடுகளில் குடியேறிய கத்தோலிக்கர்களுக்காக 2017ஆம் ஆண்டில் ஒரு புதிய தேவாலயம் திறக்கப்பட்டது. ஓரிடத்தில் தேவாலயம் புதிதாக எழுவதும் மற்றோர் இடத்தில் மூடப்படுவதும் ஏன்?

கத்தோலிக்கத் திருச்சபையில் ஒரு வட்டாரத்து மக்களையும் அவர்களுடைய ஆலயத்தையும் சேர்த்துப் 'பங்கு' என்பர். ஆயர் நியமிக்கும் குரு ஒருவர் அதை நடத்துவார். ஆனால், தொடக்க காலச் சிங்கப்பூரில் ஆலயங்கள் வட்டாரத்தைவிட மொழியை ஒட்டியே பிரிந்தன. 1870ஆம் ஆண்டில் குவீன் ஸ்திரீட்டில் கட்டிமுடிக்கப்பட்ட தூய பேதுரு பவுல் ஆலயத்தில் சீனரும் இந்தியரும் வழிபட்டனர். மறையுரையைத் தாய்மொழியில் கேட்டால்தான் மனத்தில் பதியும் அல்லவா? எனவே, தமிழர்களுக்கென ஓஃபிர் சாலையில் லூர்து அன்னை ஆலயம் கட்டப்பட்டு, 1888ஆம் ஆண்டில் திறக்கப்பட்டது. சிராங்கூன், பொங்கோல் பகுதிகளில் வாழ்ந்த தியோச்சியூ மக்களுக்கோ, 1852ஆம் ஆண்டில் தொடங்கிய மறைப்பணியிலிருந்து அப்பர் சிராங்கூன் சாலை ஆலயம் உருவாயிற்று.

சுதந்திரத்தை ஒட்டிய ஆண்டுகளில் நிலைமை மாறத் தொடங்கியது. வீடமைப்பு வளர்ச்சிக் கழகம் 1960ஆம் ஆண்டில் அமைந்த பிறகு, நகரின் நெரிசலான தெருக்களில் இருந்தவர்கள் புதிய நகர்களுக்குக் குடிபெயர்ந்தனர். கம்பங்களும் மெல்ல மறைந்தன. மக்கள் போன திசையில் பள்ளிகளும் கடைகளும் போயின. விக்டோரியா ஸ்திரீட்டில் இருந்த கன்னிமாடப் பள்ளி, 1983ஆம் ஆண்டில் தோ பாயோவுக்கு மாறியது. 1904ஆம் ஆண்டில் கட்டிமுடிக்கப்பட்ட அதன் சிற்றாலயத்தில் வழிபாடு நின்றது. அது வழிபாட்டுத் தலம் என்னும் தகுதியையும் இழந்தது.

அந்தக் கட்டடம் இடிக்கப்படவில்லை. 1990ஆம் ஆண்டில் தேசிய நினைவுச்சின்னமாக அறிவிக்கப்பட்டது. இன்று 'சைம்ஸ்' எனப்படும் அவ்வளாகத்தில் உணவகங்கள் இயங்குகின்றன. சிற்றாலயத்தில் திருமண நிகழ்ச்சிகள் நடைபெறுகின்றன. வண்ணக் கண்ணாடிச் சன்னல்களைப் பார்த்து வியப்பவர் பலர். ஆனால், நாள்தோறும் அங்கே மன்றாடிய சமூகம் இப்போது அங்கில்லை. கல்லையும் கண்ணாடியையும் சட்டத்தால் காக்கலாம். கூடி வழிபடும் வழக்கத்தை மக்கள்தாம் காக்க வேண்டும்.

லூர்து அன்னை ஆலயத்தின் கதை வேறு. அதைச் சுற்றி வாழ்ந்த தமிழர் பலரும் இடம்பெயர்ந்தனர். எனினும், ஆலயம் மூடப்படவில்லை. பிற இனத்தவருக்கும் அது கதவு திறந்தது. ஆங்கிலத்தில் திருப்பலி நடந்தாலும் தமிழ்த் திருப்பலியையும் விடவில்லை. 2005ஆம் ஆண்டில் அதுவும் தேசிய நினைவுச்சின்னம் ஆயிற்று. 2003ஆம் ஆண்டில் திறக்கப்பட்ட வடகிழக்கு ரயில் பாதை பொங்கோலையும் லிட்டில் இந்தியாவையும் இணைக்கிறது. அதனால், பொங்கோலில் வாழும் தமிழரும் தாய்மொழி வழிபாட்டுக்கு எளிதாக வந்து செல்ல முடிகிறது.

மக்கள் இடம்பெயர்வதை எவரும் தடுக்க முடியாது. அதற்குப் பின் ஓர் ஆலயம் நிலைக்குமா என்பது, புதியவர்களுக்கு அது இடம் தருகிறதா, பழையவர்கள் தேடி வருகிறார்களா என்ற இரண்டையும் பொறுத்தது. கோயில், பள்ளிவாசல் உள்ளிட்ட எந்த வழிபாட்டுத் தலத்துக்கும் இது பொருந்தும்.