தவறைத் தானே திருத்தும் ஆம்ப்ளிபயர்!

பள்ளி ஆண்டு விழாவில் மைக்கை ஸ்பீக்கர் பக்கம் கொண்டுபோனால், 'கீ...' என்று காதைத் துளைக்கும் சத்தம் வரும் அல்லவா? ஸ்பீக்கரில் வந்த ஒலி மறுபடி மைக்கில் நுழைந்து, மறுபடி பெரிதாகிறது. இதற்குப் பின்னூட்டம் என்று பெயர். இந்தத் தொல்லையைத் திருப்பிப் போட்டு நன்மையாக்கிய கதை தெரியுமா குழந்தைகளே?

முதலில், ஆம்ப்ளிபயர் எப்படி வேலை செய்கிறது? மைக்கிலிருந்து வரும் மின் அலை மிகச் சிறியது. அதை இழுத்து நீட்டிப் பெரிதாக்க முடியாது. ஏரி மதகை நினைத்துக்கொள்ளுங்கள். ஒருவர் கையால் திருகினால் போதும். தண்ணீர் கூடியும் குறைந்தும் பாயும். பாய்வது அவருடைய பலம் அல்ல, ஏரியின் பலம். பழைய ஆம்ப்ளிபயரில் மதகு வேலை பார்த்தது வால்வு. காற்றை உறிஞ்சி எடுத்த கண்ணாடிக் குமிழ் அது. உள்ளே சூடான கேத்தோடிலிருந்து பிளேட்டை நோக்கி எலக்ட்ரான்கள் பாயும். நடுவில் கிரிட் என்ற கம்பி வலை. சின்ன அலை இந்த வலைக்குத்தான் வரும். அது ஏறி இறங்க, பெரிய ஓட்டமும் அப்படியே ஏறி இறங்கும்.

'அப்படியே' என்பதில்தான் சிக்கல். வால்வு அலையின் வடிவத்தைக் கொஞ்சம் கோணலாக்கிவிடும். தொலைதூரத் தொலைபேசிக் கம்பியில், பேச்சு பலவீனமாகும் இடங்களில் ஆம்ப்ளிபயர் வைப்பார்கள். ஒவ்வொன்றையும் தாண்டத் தாண்ட, கோணல் கூடிக்கொண்டே போகும். அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூட இன்ஜினியர் ஹரால்டு பிளாக் பல ஆண்டுகள் இதோடு மல்லுக்கட்டினார். 1927 ஆகஸ்ட் 2-ம் தேதி, ஹட்சன் ஆற்றைப் படகில் கடந்து வேலைக்குப் போகும்போது விடை பளிச்சிட்டது. கையிலிருந்த நியூயார்க் டைம்ஸ் பத்திரிகை மேலேயே படம் போட்டுவிட்டார்!

என்ன விடை? வெளியே வரும் அலையில் ஒரு சிறு பங்கை உள்ளே திருப்பி அனுப்ப வேண்டும், ஆனால், தலைகீழாக! உள்ளே வருவதும் திரும்பி வருவதும் கழிபட்டு, மிச்சத்தில் வால்வு செய்த கோணல் தலைகீழாக நிற்கும். அது வால்வு வழியே போகும்போது, கோணலுக்கு எதிர்க்கோணல் சேர்ந்து பெரும்பகுதி சரியாகிவிடும். இதுதான் எதிர்ப் பின்னூட்டம். இதில் நஷ்டமும் உண்டு, பெருக்கம் குறைந்துவிடும். பாடுபட்டுப் பெருக்கியதை யாராவது வேண்டுமென்றே குறைப்பார்களா? பிளாக்குக்குக் காப்புரிமை கிடைக்கவே 1937 ஆகிவிட்டது.

பத்து ஆண்டுகள் கழித்து, 1947-ல், இங்கிலாந்தின் 'ஒயர்லெஸ் வேர்ல்டு' இதழில் டி.டி.என். வில்லியம்சன் ஓர் ஆம்ப்ளிபயர் வரைபடம் வெளியிட்டார். பாட்டுப் பிரியர்கள் பலர் அதைப் பார்த்து வீட்டிலேயே செய்தார்கள். கடைசிக் கட்டத்தில் இரண்டு கேடி66 வால்வுகள். இருவர் பிடித்து மரம் அறுக்கும் ரம்பம் போல, ஒன்றில் ஓட்டம் கூடும்போது மற்றதில் குறையும். ஸ்பீக்கர் முனையிலிருந்து முதல் வால்வுக்கு ஒரு திருப்பு வழி. இதனால் பெருக்கம் பத்தில் ஒரு பங்கானது. ஆனால், 15 வாட் தரும்போதும் கோணல் ஆயிரத்தில் ஒரு பங்குகூட இல்லை!

இதில் கஷ்டமான பாகம் வால்வு அல்ல. வால்வுக்கும் ஸ்பீக்கருக்கும் நடுவே உள்ள டிரான்ஸ்பார்மர்தான். திருப்பி அனுப்பும் அலை அதில் தாமதப்பட்டால், தலைகீழ் நேராகிவிடும். பிறகென்ன, மைக்கே இல்லாமல் ஆம்ப்ளிபயர் கத்தும்! அதனால் அதன் கம்பிச் சுற்றுகளைப் பல பகுதிகளாகப் பிரித்து, அடுக்கடுக்காகச் சுற்ற வேண்டியிருந்தது.

உங்கள் வீட்டுப் பரணில் பழைய வால்வு செட் இருந்தால் நீங்களாகத் திறக்காதீர்கள். இப்படிப்பட்ட ஆம்ப்ளிபயரின் உள்ளே 400 வோல்ட்டுக்கு மேலும் இருக்கும். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் அது மின்தேக்கிகளில் தங்கியிருக்கும்.