பாட்டு எங்கே அடைந்து கிடக்கிறது?

மலாக்காவில் பாட்டு கேட்கக் கருவி வாங்க நினைப்பவருக்கு இன்று மூன்று வழிகள் உண்டு. கைப்பேசியில் இணையம் வழியே கேட்கலாம். பொத்தான் வைத்த சிறு பெட்டியில் பென்டிரைவையோ மெமரி கார்டையோ செருகிக் கேட்கலாம். பழைய ஹார்ட் டிஸ்க் ஐபாட் ஒன்றை யாரிடமாவது தேடிப் பிடிக்கலாம். ஆயர் கெரோவில் குடியிருப்பவர் யோசிக்காமல் முதலாவதைச் சொல்வார். ஜாசின், மெர்லிமாவ் பக்கம் செம்பனைக்குள் வேலை செய்பவரோ, “உள்ளே போனா லைன் கிடைக்காதே” என்பார். கையுறை போட்ட விரலுக்குக் கைப்பேசித் திரை மசியாது; பொத்தான் மசியும்.

பெட்டியை வாங்கினாலும் ஐபாடை வாங்கினாலும் உள்ளே இருக்கப்போவது பெரும்பாலும் எம்பி3 பாட்டுதான். குறுந்தட்டில் ஒலியை நொடிக்கு 44,100 முறை அளந்து, ஒவ்வோர் அளவையும் 16 பிட்டில், இரண்டு காதுக்கும் தனித்தனியாக எழுதுகிறார்கள். அந்தக் கணக்கில் ஐந்து நிமிடப் பாட்டு ஏறத்தாழ 53 மெகாபைட். அதையே நொடிக்கு 128 கிலோபிட் எம்பி3 ஆக்கினால் 4.8 மெகாபைட்தான். பதினொன்றில் பத்துப் பங்கு காணாமல் போகிறது, கேட்பவர் கண்டுகொள்வதில்லை!

ஜெர்மனியின் ஃபிரான்ஹோஃபர் ஆய்வகத்தில் கார்ல்ஹைன்ஸ் பிராண்டன்பர்க் முதலானோர் இதற்குப் பிடித்துக்கொண்டது காதின் ஒரு பலவீனத்தை. பலத்த ஒலி ஒன்று கேட்கும்போது, அதற்கு நெருங்கிய சுருதியில் இருக்கும் மெல்லொலியைக் காது தவறவிடுகிறது. தவறவிடப் போவதை எதற்குத் துல்லியமாக எழுதிவைப்பது? அங்கே பிட்டுகளை மிச்சம் பிடித்தார்கள்.

ஆனால் உறுமி மேளத்திடம் இந்தத் தந்திரம் திணறும். எம்பி3 ஒலியைத் துண்டு துண்டாக எடுத்துச் சுருக்குகிறது. நீளமான துண்டு ஒன்று சுமார் 13 மில்லிநொடி. அதன் நடுவில் திடீரென ஓர் அடி விழுந்தால், சுருக்கியதில் வந்த பிழை துண்டு முழுவதும் பரவி, அடிக்கு முன்பே ஒரு கசகசப்பாகக் கேட்கும். துண்டைக் குட்டையாக்கிச் சமாளிக்க எம்பி3இல் வழி இருக்கிறது. பிட்டு போதாத இடத்தில் அதுவும் கைகொடுக்காது. மாசி மகத்துக்குச் செங் சன்னாசிமலையில் பதிவுசெய்த மேளத்தை 64 கிலோபிட்டில் சுருக்கிக் கேட்டால் அடியின் கூர்மை மழுங்கியிருக்கும். மெல்லிசைக்கு 128 போதும். தவிலுக்கும் உறுமிக்கும் 256 வையுங்கள்.

இனி பாட்டைச் சேமிக்கும் இடம். 1998இல் வந்த முதல் எம்பி3 கருவிகளில் 32 மெகாபைட் ஃபிளாஷ் நினைவகம்தான். நம் ஐந்து நிமிடப் பாட்டில் ஆறு அடங்கும். 2001 அக்டோபரில் ஆப்பிள் அறிமுகப்படுத்திய ஐபாட் 5 கிகாபைட் கொண்டது, ஆயிரம் பாட்டு. காரணம், தோஷிபாவின் 1.8 அங்குலக் காந்தத் தட்டு. நிமிடத்துக்கு 4,200 சுற்றுச் சுழலும் தட்டின் மேல், சில பத்து நானோமீட்டர் உயரத்தில் படிக்கும் முனை மிதக்கும். தலைமுடியின் தடிமனே 80,000 நானோமீட்டர் என்றால் அந்த இடைவெளியை யோசித்துப் பாருங்கள். தோட்டத்து மண்சாலையில் மோட்டாரில் போகிறவரின் சட்டைப்பைக்கு ஏற்ற பொருளா இது? ஆப்பிளுக்கும் தெரிந்திருந்தது. பாட்டுகளை முன்கூட்டியே 32 மெகாபைட் நினைவகத்தில் எடுத்து வைத்துக்கொண்டு தட்டை நிறுத்திவிடுவார்கள். அதாவது ஹார்ட் டிஸ்க் ஐபாடே பெரும்பாலான நேரம் தட்டு ஓடாமல்தான் பாடியது.

தோஷிபாவிலேயே வேலை பார்த்த ஃபுஜியோ மசுவோகா 1980களில் உருவாக்கியது ஃபிளாஷ் நினைவகம். அசையும் பாகம் எதுவும் அதில் இல்லை. மின்கம்பியைச் சுற்றிய ரப்பர் போல, நுண்ணிய ஓர் அறையைச் சுற்றிலும் மின்கடத்தாச் சுவர், உள்ளே எலக்ட்ரான்கள். ஆனால் இந்தச் சுவரின் தடிமன் பத்து நானோமீட்டருக்குள். சுமார் 20 வோல்ட் அழுத்தம் கொடுத்தால் எலக்ட்ரான்கள் சுவரை உடைக்காமல், ஏறியும் தாண்டாமல், ஊடுருவி உள்ளே போய்விடும். குவாண்டம் இயற்பியலில் மட்டுமே நடக்கிற காரியம். பென்டிரைவுக்குக் கிடைப்பதோ 5 வோல்ட். மீதியைத் தன் வயிற்றுக்குள்ளேயே ஏற்றிக்கொள்கிறது. மின்சாரத்தை நிறுத்தினாலும் எலக்ட்ரான்கள் ஆண்டுக்கணக்கில் அங்கேயே கிடக்கும். நீங்கள் விரும்பிக் கேட்கும் பாட்டு, கோடிக்கணக்கான அறைகளில் எத்தனை எலக்ட்ரான் இருக்கிறது என்கிற கணக்குதான்.

ஆடினாலும் விழுந்தாலும் ஃபிளாஷுக்கு ஒன்றுமில்லை. வெப்பம்தான் எதிரி: சூடு ஏற ஏற எலக்ட்ரான் கசிவு கூடும். வெயிலில் நிற்கும் காரின் டேஷ்போர்டில் வருடக்கணக்கில் கிடக்கும் பென்டிரைவை நம்பி ஒரே பிரதியை வைக்காதீர்கள்.

என் ஓட்டு பொத்தான் பெட்டிக்கே. தேடி எடுக்கிற வேலையே வேண்டாம் என்கிற தாத்தா பாட்டிக்கு 5,000 பாட்டோடு வரும் சரிகமவின் தமிழ் கார்வான் இருக்கிறது; விலை பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள். கார் ரேடியோவுக்கு 32 கிகாபைட்டுக்கு உட்பட்ட பென்டிரைவ் போதும். அதைவிடப் பெரியவை பெரும்பாலும் எக்ஸ்ஃபேட் என்னும் கோப்பு முறையில் வரும். பழைய ரேடியோக்கள் ஃபேட் 32 மட்டுமே படிக்கும்.

பாசார் மாலாமில் சில வெள்ளிக்கு 512 கிகாபைட் கிடைத்தால் சந்தேகப்படுங்கள். உள்ளே எட்டு கிகாபைட் சில்லு இருக்கலாம். கட்டுப்படுத்தும் சில்லு பொய் சொல்லும்படி மாற்றப்பட்டிருக்கும். பாட்டின் பெயர்ப் பட்டியல் தொடக்கத்தில் எழுதப்படுவதால் எல்லாப் பெயரும் திரையில் வரும், பாட்டு மட்டும் வராது. வாங்கியதும் முழுக்க நிரப்பி, கடைசியில் ஏற்றிய பாட்டைப் போட்டுப் பாருங்கள்.